கேள்வித்தாளில் எங்கள் வீட்டுக்காரர்

ஊரே கூடி ஒரு ஆளைத் திருந்திட்டான்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்களா? நானும் நம்பினேன். நம்பினதோடு விடாமல் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதோடு விடாமல் போன சனிக்கிழமை நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரி மாடியில், முன்னே பின்னே தெரியாத ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து அதையெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்கள். எழுதினதை இன்றைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் மெர்லின் மேடம் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டினார். அதைக் கேட்டுவிட்டுத்தான் இப்போது திருச்செங்கோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் பேப்பரில் சுற்றின ஜாங்கிரி. பாப்பாவுக்காக இலையிலிருந்து எடுத்து வைத்தது. ஜீரா பேப்பரை ஊறிக்கொண்டு வெளியே வந்து விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. துடைக்க வேண்டும். முந்தானை இருக்கிறது, கர்ச்சீப்பும் பையில் இருக்கிறது. கை எழ மாட்டேன் என்கிறது. ஒரு வரி எங்க வீட்டுக்காரர் மாதிரி இருந்தால் பரவாயில்லை, இரண்டு வரி இருந்தாலும் போச்சாது என்று விடலாம். மேலேயிருந்து கீழே வரைக்கும் அவர். பேரும் ஊரும் மட்டும்தான் அதில் போடவில்லை. டிரைவர் இன்னும் டீக்கடையில் நிற்கிறார். அந்த டீயைக் குடித்துத் தொலையுங்களேன் அண்ணா. ஊதி ஊதிக் குடிக்கிறார். எங்க வீட்டில் டீயை வைத்தால் ஆடை கட்டி ஆறிப்போகிற வரைக்கும் அது அப்படியே இருக்கும், அதுவும் அந்தக் காகிதத்தில் ஏறிவிட்டது, நான்தான் ஏற்றிவிட்டேன்.

நான் எப்படி அந்த மாடிக்குப் போனேன் என்றால் என் வாயால்தான். பாப்பாவுக்கு ஊசி போடப் போன அன்றைக்கு வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நான் கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி அதைச் சிரிக்க வைத்து, அதோட அம்மாவையும் சிரிக்க வைத்து, கடைசியில் ஊசி போடுகிற சிஸ்டரும் சிரித்துவிட்டார். அவர்தான் கேட்டார், மேலே ஒரு மேடம் நல்லாப் பேசற ஆளுகளைத் தேடறாங்க, டவுன்ல படிச்சவங்க வேண்டாமாம், ஊர்ல பேசற மாதிரி பேசறவங்க வேணுமாம், வர்றியா என்று. பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் உண்டு. பேசுவதற்குச் சோறு போடுகிறார்கள் என்றால் யார் விடுவார்கள்? எங்க அத்தைகூட, உனக்குன்னே அளவெடுத்துத் தெச்ச வேலையாட்டம் இருக்குது போ என்றார். மெர்லின் மேடம் நாகர்கோவில் பக்கம், என் வயதுதான் இருக்கும். வெளிநாட்டில் யாரோ எழுதின கேள்விகளாம். ஒரு ஆளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க அங்கே அதைத்தான் கேட்கிறார்கள். அதை அப்படியே தமிழில் மாற்றி நம் ஆட்களிடம் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்று போட்டுவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள், அதிலும் ஆம்பளைகள் சுத்தம் என்றார். முதலில் மாற்றி வைத்திருந்ததை வாசித்தார். நீங்கள் சோகமாகவும் நம்பிக்கையற்றும் உணர்கிறீர்களா? விசைத்தறிக்குப் போகிற ராசம்மக்காதான் முதலில் சிரித்தது. இதைக் கொண்டுபோய் எங்க ஊட்டு மனுசன்கிட்டக் கேட்டா, ஏன் என்னைய சினிமாவுல நடிக்கக் கூப்படறாங்களாம்பாரு என்றது. மேடமும் சிரித்துவிட்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். அப்போ இது வேண்டாம், நீங்க சொல்லுங்க, உங்க வீட்ல ஒரு ஆம்பளைக்குச் சாப்பாட்டுல நாட்டமில்லைன்னா எதை வெச்சுத் தெரிஞ்சுக்குவீங்க, தூக்கம் சரியில்லைன்னா எதை வெச்சு, சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்லை, சிரிப்பா இருந்தாலும் பரவாயில்லை என்றார். சிரிப்பா இருந்தாலும் பரவாயில்லை. அங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சோறு என்றதும் நான்தான் முதலில் கையைத் தூக்கினேன். எங்க வீட்டுக்காரர் சோத்தைப் பிசைவார் பாருங்க மேடம், பிசைவார் பிசைவார், குழந்தைக்கு ஊட்டற மாதிரி கூழாக்கிடுவார், அப்புறம் கையை அதுலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பார், கை காஞ்சு வெள்ளையாயிரும், நான் போயி ஏனுங்க தட்டை எடுக்கட்டுங்களான்னா எடுத்துக்கம்பார், சாப்பிட்டாரா இல்லையான்னு தட்டுக்கே தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள். தூக்கத்துக்கும் நான்தான். எங்க வீட்ல கோழிக்கு முந்தி அவர் எந்திரிச்சுருவாருங்க, நான் கண்ணு முழிச்சுப் பாத்தா வாசக் கூட்டியிருக்கும், தண்ணி புடிச்சிருக்கும், கட்டுத்தறியில சாணி அள்ளியிருக்கும். ராசம்மக்கா என் தொடையில் தட்டி, இந்த மாதிரி ஒண்ணு இருந்தா எங்களுக்கும் சொல்லு கண்ணு, வாங்கிப் போட்டுக்கறோம் என்றது. அப்புறம் அந்த மன்னிச்சுக்கோ. அதற்குத்தான் பெரிய சிரிப்பு. எதுக்கெடுத்தாலும் மன்னிச்சுக்கோங்கறாருங்க, சோறு கொழைஞ்சா மன்னிச்சுக்கோ, கொழைச்சது நானு, கரண்ட் போனா மன்னிச்சுக்கோ, நேத்து பாப்பா அவர் கால்ல மூத்திரம் போயிருச்சு, பாப்பாகிட்ட மன்னிச்சுக்கோங்கறாரு. ஒருத்தர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மேடம் சிரித்தாரா? சிரித்திருப்பார். எழுதிக்கொண்டிருந்ததால் தலை குனிந்திருந்தது, தெரியவில்லை. துண்டு துண்டாகத்தானே சொன்னேன். சோறு ஒரு பொழுது, தூக்கம் ஒரு பொழுது, நடுவில் டீ, நடுவில் மற்றவர்கள் சொன்ன கதை. ஒரு துண்டைப் பார்த்து முழு ஆளைத் தெரிந்துகொள்ள முடியுமா? கூடவே படுக்கிறவளுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். நானும் அதைத்தான் பஸ் ஸ்டாண்டில் நடந்து வரும்போதே என்னிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன். கூடவே படுக்கிறவளுக்குத்தான் தெரியவில்லை.

வண்டி எடுத்துவிட்டார்கள். கண்டக்டர் எங்கம்மா என்கிறார். ஊர் பேர் வாயில் வரவில்லை. புளியம்பாளையம் பிரிவு என்று சொல்வதற்குள் அவர் இரண்டு பேருக்கு டிக்கெட் கிழித்துவிட்டார். வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். முழுசாக அடித்து நின்றது. அவர் எப்போதும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு வெளியே கட்டிலில் உட்கார்ந்திருப்பார், இது புதிதில்லை, நேற்றும் எடுக்கவில்லை, அப்போது எனக்கு எதுவும் ஆகவில்லை. அத்தை சங்ககிரியில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருக்கிறார். பாப்பாவும் அவரும் மட்டும்தான் வீட்டில். பாப்பாவும் அவரும் மட்டும். இந்த நினைப்பு வந்ததுமே என்னை நானே அறைய வேண்டும் போல இருந்தது. அவர் பாப்பாவைத் தூக்கினால் உள்ளங்கையில் பூ வைத்திருக்கிற மாதிரி தூக்குவார். அவரைப் பற்றி இப்படி நினைக்கிறாயா கோகிலா? நினைக்கவில்லை. நினைக்கவே இல்லை. மறுபடி போன். மறுபடி முழுசாக அடிக்கிறது. முன் சீட்டில் ஒரு பெரியவர் கோழித்தீவன மூட்டையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். எப்படித் தூங்க முடிகிறது இவரால். தூங்கட்டும், தூங்குகிற ஆம்பளையைப் பார்த்தால் இப்போது நிம்மதியாக இருக்கிறது.

முதல் வரி வாசித்தபோது எனக்குப் பெருமைதான். வழக்கமாக ஆசையாகப் பார்ப்பதைக்கூடத் தலை தூக்கிப் பார்க்காமல் இருக்கிறீர்களா? அது நான் சொன்னதுதான் என்று ராசம்மக்காவை இடித்தேன். ரோட்டில் போர்வெல் போடுகிற புது ரிக் வண்டி பெயின்ட் மினுமினுக்கப் போனால் சோற்றுக் கையோடு ஓடிப் பார்க்கிறவர் இப்போது அது ஹாரன் அடித்துக்கொண்டு போனாலும் குனிந்தே உட்கார்ந்திருப்பார் என்று சொல்லியிருந்தேன். இரண்டாவது வரி, சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உண்ணாமல் உட்கார்ந்திருக்கிறீர்களா? அதுவும் என்னுடையது. பார்த்தாயா அக்கா, என்னுடையதைத்தான் எடுத்திருக்கிறார்கள். மூன்றாவது, விடிவதற்கு நெடுநேரம் முன்பே விழிப்பு வந்து திரும்பத் தூக்கம் பிடிக்காமல் இருக்கிறதா? என்னுடையது. சின்னக் காரியத்துக்கும் மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறீர்களா, வீட்டாருக்கு நீங்கள் பாரம் என்று தோன்றுகிறதா? அதை வாசிக்கும்போது ராசம்மக்கா மறுபடி சிரித்தது, நானும் சிரிக்க வாயைத் திறந்தேன், திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஃபேன் சுற்றுகிறது. மேடத்தின் குரல் போய்க்கொண்டே இருக்கிறது. சட்டைப் பொத்தான் போடுவதற்கே வெகுநேரம் ஆகிறதா? பேசும் குரல் தணிந்துவிட்டதாக மற்றவர்கள் சொல்கிறார்களா? அவர் வந்து அந்த அறை நடுவில் உட்கார்ந்துவிட்டார். கட்டம் போட்ட லுங்கியும் மேல் பொத்தான் போடாத சட்டையுமாக, வரிக்கு வரி அவர்மேல் சதை ஏறி ஏறி, கடைசியில் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். காது அடைத்துக்கொண்டது. ஜனங்க பேசற பேச்சிலேயே வந்திருக்கு, ரொம்ப நல்லா வந்திருக்கு என்று மேடம் சொல்கிறார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கை பாட்டுக்குத் தட்டியது.

அவர் எப்பேர்ப்பட்ட ஆள் தெரியுமா? போர் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஒரிசா என்று போனால் மாசக்கணக்கில் ஊர்ப்பக்கம் வரமாட்டார். வந்தால் ஒரு வீதிக்கே தெரியும். கம்ப்ரஸர் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகின தொண்டை, வீட்டுக்குள் உப்பு எடு என்றாலும் கத்தித்தான் சொல்வார், பாப்பா பிறந்த புதிதில் அவர் பேசினாலே தூக்கிவாரிப் போட்டு அழும். செங்கோட்டுவேலு வந்துட்டானாட்டக்குது என்று அடுத்த வளவு வீடுகளில் இருந்து சொந்தம் ஒறம்பரை எல்லாம் எட்டிப் பார்க்கும். தண்ணி போடுவார், சீட்டாடுவார், அத்தையோடு சண்டை போடுவார், சண்டை போட்ட அரை மணியில் அத்தையின் காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டு இந்திக்காரன் மாதிரி பேசிச் சிரிக்க வைப்பார். போகிற அன்றைக்கு வீடே காலியான மாதிரி இருக்கும். இந்தச் சித்திரையில் வந்தவர் திரும்பப் போகவில்லை. உடம்புக்கு ஒத்துக்கலை, கொஞ்ச நாள் இருக்கேன் என்றார். எனக்குக் கசக்குமா? தண்ணி போடுவது நின்றது. சீட்டு நின்றது. குரல் இறங்கியது, இறங்கி இறங்கி இப்போது பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். யாரோடும் சண்டையில்லை. எது செய்தாலும் சரி, எது வைத்தாலும் சரி. அத்தை கோயிலில் பொங்கல் வைத்தார், என்ற பையன் திருந்திட்டானுங்க என்று பூசாரியிடம் சொல்லி அழுதார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் இப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை, திருஷ்டி பட்டுவிடும் என்று செவ்வாய்க்கிழமை உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். அவரை உட்கார வைத்துச் சுற்றினேன். நான் சுற்றுகிற பக்கமெல்லாம் கண்ணைக் கொண்டுவராமல் நேராகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சுற்றி முடித்ததும் மன்னிச்சுக்கோ என்றார். எதுக்குங்க என்றேன். உனக்கு வேலை வெக்கறேன் என்றார். நான் அவர் தலையைக் கலைத்துவிட்டு, அட போங்க மாமா என்று சிரித்தேன். சிரித்தேன். இந்தச் சிரிப்பை எடுத்து எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

வேலகவுண்டம்பட்டி வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும் போலிருக்கிறது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தி ஏற்றுகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை என்ன வேலை? ஏறட்டும், ஏறுங்க, சீக்கிரம் ஏறுங்க கண்ணுகளா. நான் நினைக்காமல் தள்ளிக்கொண்டே வருவது கடைசி வரியை. அதற்கு வெளிநாட்டுக்காரர்கள் நேராக எழுதியிருக்கிறார்கள், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் உண்டா என்று. போன வாரம் அந்த இடம் வந்தபோது ராசம்மக்காதான் சொன்னது. அதோட தம்பி. ஒரு நாளும் சாகிறேன் என்று சொன்னதில்லையாம். போகிறதுக்கு முந்தின வாரம் நெம்ப நல்லா இருந்தானாம். எல்லாருக்கும் அவனவன் கேட்டதைக் கொடுத்தானாம், வாட்ச்சை ஒருத்தனுக்கு, வண்டியை ஒருத்தனுக்கு. எங்க ஆளுக வாயில சொல்ல மாட்டாங்க மேடம், கொடுத்துட்டுப் போவாங்க என்றது. அன்றைக்கு நான் உச்சுக் கொட்டினேன், பாவமாக இருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கு மேடம் அதையும் வாசித்தார். திரும்பி வரப்போவதில்லை என்பதுபோல உங்கள் பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கவோ, வீட்டுப் பொறுப்புகளைப் பிறரிடம் ஒப்படைக்கவோ செய்கிறீர்களா? அது என்னுடைய வரி இல்லை. ராசம்மக்காவுடையது. அப்பாடா, இது ஒன்றாவது எங்க வீட்டுக்காரர் இல்லை என்று மூச்சு விட்டேன் பாருங்கள், அந்த மூச்சு முழுசாக வெளியே வரவில்லை.

ரிக்குக்குப் போகிற ஆம்பளைகள் கிளம்புவதற்கு முன்னால் என்ன செய்வார்கள் என்று எங்கள் ஊரில் எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் சொல்லுவாள். தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டரை எப்படிப் போடுவது, ஃபியூஸ் போனால் யாரைக் கூப்பிடுவது, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை எந்தக் கடையில் நல்லதாக இருக்கும், எல்லாம் பெண்டாட்டிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறுவார்கள். போய்விட்டால் மாசக்கணக்கில் நாங்கள்தானே பார்த்தாக வேண்டும். எங்கள் அம்மாவுக்கு அப்பா சொல்லிக் கொடுத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் இந்த வாரம் அவர் என்னைக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப் போய், இந்தப் பச்சையை அமுக்கு, சத்தம் மாறினால் உடனே சிவப்பை அமுக்கு, பயப்படாதே, நான் இல்லாதப்ப உனக்குத் தெரியணும் என்றபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சரி, உடம்பு தேறிவிட்டது, பழையபடி கிளம்பப் போகிறார் என்று. இன்னும் தேதி சொல்லவில்லை, சொல்லுவார். முறுக்குக்கு மாவுகூட அரைத்து வைத்துவிட்டேன், ரிக்கில் எல்லாரும் பங்கு போட்டுத் தின்பார்கள் என்று கூடக் கொஞ்சம். ரிக்குக்குப் போகிறவர்தானே இதெல்லாம் செய்வார். ரிக்குக்குத்தானே போகிறார். இப்படியே நினைத்துக்கொண்டு, அந்த மாடியில், மேடம் காகிதத்தை மடிக்கும்போது, எனக்கு அந்த பூட்ஸ் ஞாபகம் வந்தது. முழங்கால் வரைக்கும் வருகிற பூட்ஸ், முன்னால் இரும்பு வைத்தது. அது இல்லாமல் ரிக் மேல் ஏற விடமாட்டார்கள். ராடு நழுவிக் காலில் விழுந்தால் விரல் போய்விடும் என்று தூங்கும்போதுகூட அதைத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறவர். அதை நேற்று முந்தாநாள் மேலத் தோட்டத்துக் கதிரவனுக்குக் கொடுத்துவிட்டார். அவன் போட்டுக்கொண்டு வந்து, அண்ணன் குடுத்துச்சுங்க அக்கா என்று காட்டினான். அட நல்லா இருக்குதே என்று சொன்னேன். வாசலில் அது நாறிக்கொண்டு கிடந்த இடம் காலியானது என்று சந்தோஷமாக இருந்தது. பூட்ஸைக் கொடுத்துவிட்டு யாராவது ரிக்குக்குப் போவார்களா? யாராவது போவார்களா சொல்லுங்கள்.

எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கிளம்பினார்கள். ராசம்மக்கா, என்ன கண்ணு, பேய் அறைஞ்சாப்ல நிக்கறே, ஜாங்கிரி பத்தலையா என்றது. நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. மேடம் சேர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். போய் நின்றேன். இதெல்லாம் ஒரே ஆளுக்கு இருந்தா என்னங்க மேடம் என்றேன். யாருக்கு என்றார். சும்மாதான் கேட்டேன் என்றேன். அவர் சேரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார், எதுவும் நோண்டவில்லை. ஒரே ஆளுக்கு இருந்தா இன்னைக்கே அவர்கிட்டப் பேசணும், தனியா விடக்கூடாது, திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே கூட்டிட்டு வாங்க, நான் இருக்கேன் என்று நம்பரை என் போனிலேயே அடித்துப் பதிந்து கொடுத்தார். இது சரியாகிற நோய் என்றும் சொன்னார், இரண்டு தடவை சொன்னார். என்னன்னு பேசறது மேடம் என்றேன். நேரா கேக்கணும், சாகணும்னு தோணுதான்னு அதே வார்த்தையில கேக்கணும் என்றார். ஐயோ, அதை எப்படிங்க கேக்கறது, இல்லாத நெனப்பைக் கெளப்பி விட்ட மாதிரி ஆயிருமே என்றேன். இல்லை கோகிலா, கேட்டு யாருக்கும் அது புதுசா வராது, கேக்காம விட்டாத்தான் தனியா சுமப்பாங்க என்றார். படியிறங்கும்போது எனக்கு அது தலையில் ஏறவே இல்லை. எங்கள் வீட்டில் சாவு என்ற வார்த்தையை வெள்ளிக்கிழமை சொல்லமாட்டோம், கர்ப்பிணி முன்னால் சொல்லமாட்டோம், விளக்கு வைத்த பிறகு சொல்லமாட்டோம். செத்தவரைக்கூடத் தவறிட்டாரு என்போம். நான் போய் என் தாலி கட்டினவரைப் பார்த்து அந்த வார்த்தையை எப்படி எடுப்பேன்? வாய் கூசாதா? அத்தைக்குத் தெரிந்தால் என் வாயில் சூடு வைப்பார்.

பஸ் ஓட ஓடச் சொல்லிப் பார்க்கிறேன். ஏனுங்க, உங்களுக்கு வாழவே புடிக்கலைங்களா. சீ, இது நாடகம் மாதிரி இருக்கிறது. ஏனுங்க, மனசுல ஏதாச்சும் இருக்குதுங்களா. ஒண்ணுமில்லையேம்பார், அதோடு முடிந்தது, அந்தப் பழைய காகிதத்தில் எல்லாவற்றுக்கும் இல்லை போட்டுவிட்டு எழுந்து போனவர்கள் மாதிரி. சிரித்துக்கொண்டே கேட்டால்? என்ன மாமா, பூட்ஸையெல்லாம் தானம் பண்ணிட்டீங்க, சாமியாராப் போறீங்களா என்று. எனக்கு அப்படித்தான் பேச வரும், எதையும் சிரிப்பாக்கித்தான் எனக்குக் கேட்க வரும், அவரும் ஒரு ஓரமாகச் சிரித்துவிட்டு அந்தச் சிரிப்புக்குப் பின்னாலேயே போய்விடுவார், நான் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஆறு மாசமாக அப்படித்தானே பின்னாலேயே போயிருக்கிறார். என் சிரிப்பு சத்தத்தில் அவர் குரல் இறங்கினதே எனக்குக் கேட்காமல் போனதா? இல்லை, அப்படி நினைக்காதே, இப்போது அழுதால் எதிர் சீட்டுக்காரி என்னம்மா என்பாள், அப்புறம் அவளுக்குக் கதை சொல்ல வேண்டும். மறுபடி போன். அடிக்கிறது. எடுங்க மாமா. எடுத்து வழக்கம்போல ம் என்று மட்டும் சொல்லுங்க, போதும். எடுக்கவில்லை. கிணறு. கிணற்று மேட்டில் நின்று பச்சையை அமுக்கு சிவப்பை அமுக்கு என்று அவர் சொன்னபோது என் தோளைப் பிடித்திருந்தார், அந்தக் கை கனத்தது, நான் மோட்டாரைப் பார்த்தேன், அவர் எதைப் பார்த்தார்? வேண்டாம். கிணற்றை நினைக்காதே. வேலகவுண்டம்பட்டி தாண்டிவிட்டது. மரவள்ளிக்காடு, செங்கல் சூளை, தீவனக் கம்பெனி. நான் எழுந்து படிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேன். இன்னும் நேரம் இருக்குதும்மா, உக்காரு என்கிறார் கண்டக்டர். இல்லீங்க, நிக்கறேன் என்றேன். ஜாங்கிரியைச் சீட்டிலேயே விட்டுவிட்டேன்.

பிரிவு நிறுத்தத்தில் அவர் நின்றிருந்தார். வேப்பமரத்தடியில் வண்டியை ஸ்டாண்ட் போட்டு, பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு. பாப்பா தூங்கியிருந்தது, எச்சில் அவர் சட்டையில் இறங்கியிருந்தது. பஸ் போன புழுதி அடங்குகிற வரைக்கும் நான் இறங்கின இடத்திலேயே நின்றேன். போன் வீட்டிலேயே இருக்குது, மன்னிச்சுக்கோ என்றார். முகத்தை மழித்திருந்தார். கன்னத்தில் ஒரு சின்ன வெட்டு, ரத்தம் காய்ந்து புள்ளியாக இருந்தது, அந்தப் புள்ளியைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, ரத்தம் வருகிறதே, ஓடுகிறதே என்று. அவர் வண்டியை எடுக்கப் போனார். நான் சாவியின் மேல் கையை வைத்தேன். என்ன என்கிற மாதிரி பார்த்தார். சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட இல்லை, எல்லாம் பஸ்ஸோடு போய்விட்டது. ரோட்டில் ஒருத்தரும் இல்லை. சிரிக்காமல் பேசுவது எனக்கு இவ்வளவு கஷ்டம் என்று எனக்கே தெரியாது.

"ஏனுங்க," என்றேன். "செத்துப் போயிரலாம்னு உங்களுக்குத் தோணுதுங்களா?"

அவர் காதில் விழுந்துவிட்டது, அது தெரிந்தது. பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. ஒரு முட்டை வேன் எங்களைத் தாண்டிப் போனது, அதன் காற்றில் அவர் சட்டை படபடத்து அடங்கியது. ஒண்ணுமில்லையே என்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மன்னிச்சுக்கோ என்பார் என்று காத்திருந்தேன். அதையும் சொல்லவில்லை. பாப்பாவை மெதுவாகத் தோளிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார், கொடுக்கிறாரே என்று பயந்து நான் ஒரு கையால் பாப்பாவையும் ஒரு கையால் அவர் மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன். அவர் உருவிக்கொள்ளவில்லை. வண்டி சீட்டின் மேல் உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார், சித்திரைக்கு அப்புறம் முதல் தடவையாக என் கண்ணைப் பார்த்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. உதடு இரண்டு தடவை அசைந்தது, நான் குனிந்து காதைக் கொண்டுபோனேன்.

"இன்னொருக்கா கேளு, கோகிலா," என்றார்.